பாட்டு மாடியேறும் இடம்: ஒரு சபையின் ஆராதனை இசைத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

தாமிரபரணிப் பக்கத்து நகரம் ஒன்றிலுள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் இது. பெயர் வேண்டாம். ஞாயிறு காலையில் இரண்டு ஆராதனைகள். ஆறு மணிக்கு நடக்கும் முதல் ஆராதனையைப் பாடகர் குழு தாங்குகிறது: மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை, தமிழ் ராக தாளத்தில் அமைந்த கீர்த்தனை, ஆர்கன் வாசிக்கும் ஓர் அக்கா, சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தால் எழுதும் இசைக்குறிப்பு) பார்த்து நான்கு குரலில் பாடும் இருபது பேர். எட்டரை மணி ஆராதனை வாலிபர்களின் பொறுப்பு: கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஐந்து மைக். நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பது ஆண்டுகளாக முதல் ஆராதனையில் டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடுகிறவன்.

சபையின் போதகரான சேகரகுரு ஐயாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவது ஆராதனையில் இரைச்சல் தாங்கவில்லை என்று பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். முதல் ஆராதனையில் தூக்கம் வருகிறது என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஐயா இரண்டையும் என் கையில் கொடுத்து, "இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன, சார். இங்கும் சபை பாடவில்லை, அங்கும் சபை பாடவில்லை. ஓராண்டுக்கு இரண்டு பக்கத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு முதல் கடிதத்தின் மேல்தான் சாய்வு இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. அதில் கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள்.

பின் பெஞ்சிலிருந்து

முதல் நான்கு வாரம் நான் பாடவில்லை. பாடகர் குழுவின் இருக்கையை விட்டு இறங்கி, இரண்டு ஆராதனைகளிலும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பது ஆண்டுகளில் அங்கிருந்து எங்கள் பாட்டை நான் கேட்டதே இல்லை. உதடுகளை மட்டும் கவனித்தேன். முதல் அடியில் பலரும் அசைத்தார்கள். பாட்டு மேலே ஏறும் இடத்தில் பாதி உதடுகள் நின்றுவிட்டன. அடுத்த சரணத்தில் மறுபடி தொடங்கி, அதே இடத்தில் மறுபடி நின்றன. வேடிக்கை என்னவென்றால், இது இரண்டு ஆராதனைகளிலும் ஒன்றுபோலவே நடந்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியம்மா என் பக்கத்தில் உட்காருவார். அவரிடம் கேட்டேன். "பாடவேண்டும் என்றுதான் தம்பி வருகிறேன். இரண்டாவது அடியில் பாட்டு மாடியேறிவிடுகிறது. முழங்காலோடு என்னால் மாடியேற முடியாது, தொண்டையோடு மட்டும் எப்படி ஏறுவேன்?" என்றார். ஆண்டு முழுவதும் நான் கேட்ட ஆலோசனைகளில் இதற்கு மேலான ஒன்று இல்லை.

ஒலியிலும் ஒரு சிக்கல். ஆலயத்தின் நீளம் நூறு அடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. முன்னால் அடிக்கும் டிரம்ஸ் கடைசிப் பெஞ்சுக்கு வந்துசேர ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். தூணில் மாட்டிய ஒலிபெருக்கியோ அதே அடியை முன்கூட்டியே காதில் போட்டுவிடுகிறது. உயர்ந்த கூரையும் வெறும் கல் சுவரும் சேர்ந்து மூன்றாவது அடியையும் தருகின்றன. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பின் பெஞ்சுக்காரர்கள் பாட்டை இழுக்கிறார்கள்; அவர்கள் இழுக்கிறார்கள் என்று முன்னால் இருப்பவர்கள் இன்னும் சத்தம் கூட்டுகிறார்கள். வேகமான பாட்டில் இது வெறும் முழக்கமாகிவிடும். அந்தக் காலத்து மேஸ்திரிகள் பிரசங்கியின் தனிக்குரலுக்கும் ஆர்கனுக்கும் கட்டிய கட்டடம் அது; டிரம்ஸை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கட்டை

பிறகு சுருதி. கீபோர்டு தம்பியிடம் ஒரு புதிய பாட்டை ஏன் ஜி-யில், அதாவது ஐந்து கட்டையில், வாசிக்கிறாய் என்று கேட்டேன். "ஒரிஜினல் அதுதான், சார்." ஒலிப்பதிவில் பாடியவர் தேர்ந்த பாடகர், உச்சக் குரலில் நிற்பது அவருடைய தொழில். அந்தப் பாட்டு சரணத்தில் முணுமுணுப்பாய்க் கீழே கிடக்கும். பல்லவிக்கு வந்ததும் ஒரு ஸ்தாயி தாவும். மேடையில் நிற்பவருக்கு அந்தத் தாவல் எழுச்சி. பெஞ்சில் இருப்பவருக்கோ எந்த ஸ்தாயியில் பாடுவது என்ற குழப்பம். குழப்பத்தில் வாய் மூடிக்கொள்கிறது.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. பாமாலையை ஆங்கில ராகப் புத்தகத்தில் அச்சான சுருதியிலேயே பாடுவது எங்கள் குழுவின் கௌரவம். நான்கு குரல் பிரித்து எழுதியதில் மெட்டு சோப்ரானோவுக்கு, அதாவது பெண்களின் மேல் குரலுக்கு, உரியது. பயிற்சி பெற்ற சோப்ரானோ மேல் எஃப்-ஐத் தொடலாம். காலையில் எழுந்து காபி மட்டும் குடித்துவிட்டு வந்த சபை தொடாது. இத்தனைக்கும் சோல்ஃபா முறையின் நன்மையே, ‘டோ’வை எங்கே வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளலாம் என்பதுதான். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வென் பரப்பிய அந்த முறை, இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத சாதாரண மக்கள் பாடவேண்டும் என்பதற்காகவே உருவானது. நாங்கள் அதைக் கற்றுக்கொண்டு, சாதாரண மக்கள் பாட முடியாத உயரத்தில் வைத்திருந்தோம்.

ஒரு கோடு கிழித்தேன். எந்தப் பாட்டானாலும் சபை பாடவேண்டிய பகுதி, கீழ் ஏ-யிலிருந்து மேல் டி-க்குள் அடங்கவேண்டும். பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே, ஆண்கள் கீழே, எழுத்து ஒன்றுதான். அதற்குள் அடங்காத பாட்டு குழு பாட்டு. காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும். இதன்படி வாலிபர் பாட்டுகளில் பல மூன்று நான்கு சுரம் இறங்கின. பாமாலைகள் ஒரு சுரம் இறங்கின.

எதிர்ப்பு நான் நினைத்த திசையிலிருந்து வரவில்லை. வாலிபர்கள் ஒரு வாரம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். சோப்ரானோக்கள்தான் கோபப்பட்டார்கள்: "பாட்டில் வெளிச்சம் போய்விட்டது." அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. பேஸ் பாடும் இருவர் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் உறுமினார்கள். நான்கு குரல் அமைப்பை அப்படியே கீழே தள்ளினால் அடிக்குரல் சேற்றில் சிக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவில் பண்டிகை நாட்களில் புத்தகச் சுருதி, சாதாரண ஞாயிறுகளில் எல்லாரும் ஒரே குரலில் இறக்கிய சுருதி என்று உடன்பாடு வந்தது. ஆர்கன் அக்கா மட்டும் கடைசிச் சரணத்தை நான்கு குரலில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டார். அது நல்ல ஏற்பாடாகவே அமைந்தது.

நோட்டு

பாட்டுப் பட்டியல் எப்போது தயாராகிறது என்று விசாரித்தால், முதல் ஆராதனைக்குச் சனிக்கிழமை மாலை, இரண்டாவதற்குச் சனிக்கிழமை இரவு பதினொரு மணி, வாட்ஸ்அப்பில். பிரசங்கியாரிடம் இரு பக்கமும் கேட்பதில்லை. திருச்சபை ஒவ்வொரு ஞாயிறுக்கும் தலைப்பும் வேதபாடங்களும் ஆண்டுக்கு முன்பே அட்டவணையாகத் தருகிறது. அது ஆலய அலுவலகத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கிப் பதின்மூன்று வாரத்துக்குக் கட்டம் போட்டேன். தேதி, தலைப்பு, வேதபாடம், பவனிப் பாட்டு, பிரசங்கத்துக்கு முன், காணிக்கை, திருவிருந்து, முடிவு. ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, தாளம், கடைசியாகப் பாடிய தேதி. இந்தக் கடைசிக் கட்டம்தான் பல வேஷங்களைக் கலைத்தது. பழைய டைரிகளையும் செய்திகளையும் வைத்துக் கடந்த ஆண்டை நிரப்பிப் பார்த்தோம். பல நூறு கீர்த்தனைகள் உள்ள புத்தகத்தில் நாங்கள் பாடியவை நாற்பதைத் தாண்டவில்லை. ‘பாரம்பரியத்தைக் காக்கிறோம்’ என்று கடிதம் எழுதியவர்கள் காத்தது அவ்வளவுதான். வாலிபர்கள் பக்கம் இதற்கு நேர்மாறு: ஒருமுறை பாடி மறந்த பாட்டுகள் பக்கம் பக்கமாய்.

திட்டமிடுவதற்கே ஓர் ஆட்சேபம் எழுந்தது. வாலிபர் குழுவின் தலைவன் நல்ல பையன், மனதார ஜெபிக்கிறவன். "ஆவியானவர் நடத்துகிறபடி பாடவேண்டும், சார். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதி வைத்தால் அது பள்ளிக்கூட டைம்டேபிள் ஆகிவிடாதா?" என்றான். நான் பதில் தேடுவதற்குள் ஆர்கன் அக்கா, "ஆவியானவர் சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் வேலை செய்வாரா, தம்பி?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவன் கேள்வியை நான் அப்படித் தள்ளிவிடவில்லை. வேதாகமத்தின் நாளாகமத்தில் கெனானியா சங்கீதத்தலைவனாக வைக்கப்பட்டது அவன் நிபுணன் என்பதால். பயிற்சியும் பக்தியும் அங்கே சண்டையிடவில்லை. அதே சமயம் நோட்டில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டது. அந்தப் பாட்டு, நடத்துகிறவர் அந்தக் காலையில் தேர்ந்தெடுப்பது. ஒரே நிபந்தனை, சபைக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கவேண்டும்.

புதிய பாட்டு மாதம் ஒன்று மட்டும் என்று தீர்மானித்தோம். முதல் வாரம் காணிக்கையில் குழு பாடும், சபை கேட்கும். அடுத்த இரண்டு வாரம் சபையோடு சேர்ந்து. பிறகு ஒரு மாதம் ஓய்வு. ஓய்வுக்குப் பின் யாரும் உதவாமலே சபை பாடினால் அது எங்கள் பாட்டு. பாடாவிட்டால் நோட்டில் அடித்துவிடுவோம். அடிபட்டவற்றில் நான் கொண்டுவந்த பாட்டும் ஒன்று.

ரூபகமும் பட்டனும்

பெரிய சறுக்கல் ஒன்றையும் எழுதவேண்டும். இரண்டு குழுவும் சேர்ந்து நடத்திய முதல் ஞாயிறு. ஒரு பழைய கீர்த்தனையைத் தேர்ந்தெடுத்தோம். புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனையின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. இதில் ரூபகம் என்று போட்டிருந்தது. சபைக்குத் தாளத்தின் பெயர் தெரியாது. ஆனால் மும்மூன்றாய் அசைந்து பாடியே பழக்கம். கீபோர்டு தம்பி நான்கடி ரிதம் பட்டனைத் தட்டினான். டிரம்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது.

மூன்றுக்கும் நான்குக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு. பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை சபையும் கீபோர்டும் சந்தித்துக்கொண்டன. மற்ற நேரமெல்லாம் தனித்தனிப் பயணம். இரண்டாவது சரணத்தில் பாட்டு நின்றே போனது. ஐயா எழுந்து ஜெபிப்போம் என்றார். அன்று பிழை அந்தத் தம்பியுடையது அல்ல. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நான் சோல்ஃபா தாளை மட்டும் கொடுத்தேன், தாளத்தைக் கையால் போட்டுக் காட்டவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒத்திகையின் முதல் அரைமணி நேரம் கருவி கிடையாது. எல்லாரும் நின்று, கையில் தாளம் போட்டு, ஒரே குரலில் பாடுவோம். தாளம் கையில் ஏறிய பிறகே கீபோர்டின் மூடியைத் திறப்போம். டிரம்ஸ் வாசிப்பவன் மூன்றாவது வாரமே தானாக ஒரு யோசனை சொன்னான்: கீர்த்தனைகளுக்கு டிரம்ஸ் வேண்டாம், உட்கார்ந்து தட்டும் கஹோன் பெட்டி போதும். கல் சுவரின் எதிரொலி பாதியாய்க் குறைந்தது.

எது பழையது?

கீர்த்தனை என்றால் தாத்தா பாட்டு என்ற எண்ணம் வாலிபர்களுக்கு. ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகையை நிறுத்திவிட்டு, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கதையைச் சொன்னேன். 1774இல் நெல்லைச் சீமையில் பிறந்து, சிறுவனாகவே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சைக்குப் போனவர்; பின்னாளில் மன்னரான சரபோஜியோடு சேர்ந்து வளர்ந்தவர். அரசவையிலும் கோயில் வீதியிலும் ஒலித்த இசையை எடுத்துக் கிறிஸ்துவைப் பாடினார். குறவஞ்சியின் வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். 1820களில் வந்த புதிய மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. தமிழ் வேதாகமத்தைத் திருத்துவதிலிருந்து பண்டிகைகளில் பூச்சூடுவது வரை மோதல்கள். வழிபாட்டில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லை என்பதும் அவற்றில் ஒன்று. சாதி வேற்றுமையைச் சபையிலும் கைவிடமாட்டேன் என்று நின்றவரும் இதே சாஸ்திரியார்தான். பாட்டில் அவர் பக்கம் நிற்கும் நான் அந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம். பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகே அவை சபைதோறும் பரவின. சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார். ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பாட்டுகள் புத்தகமாகியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆக, இன்று டிரம்ஸைப் பார்த்து எங்கள் பெரியவர்கள் சொல்வதை அன்று அவருடைய மெட்டுகளைப் பார்த்துச் சொன்னார்கள்.

கதை முடிந்ததும் கிட்டார் வாசிக்கும் ஒரு பெண், "அப்படியென்றால் அவர் அந்தக் காலத்து வாலிபர் குழு, இல்லையா சார்?" என்றாள். வயதுக் கணக்கு இடித்தாலும் நான் மறுக்கவில்லை. அந்த மாதமே, ‘இரட்சணிய யாத்திரிகம்’ எழுதிய கிருஷ்ணபிள்ளையின் கீர்த்தனை ஒன்றை அவர்களாகவே கேட்டு வாங்கிப் பழகினார்கள். அதே வாரம் முதல் ஆராதனைப் பெரியவர்களிடமும் இதே கதையைச் சொன்னேன். அங்கே அவ்வளவு சிரிப்பில்லை.

வாசலில் நின்ற பறை

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சேகரத்துக் கிராமச் சபைகளும் வருவார்கள். அவர்களில் ஒரு சபையின் இளைஞர்கள் பறையும் கும்மியுமாகக் காணிக்கைப் பவனி நடத்துகிறார்கள். நெல்லும் வாழைத்தாரும் கோழியும் கொண்டுவரும் பவனிக்கு அதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் எழுதினேன்.

கமிட்டியில் ஒரு மணி நேரம் பேச்சு. "ஆலயத்துக்குள் அந்தச் சத்தம் சரிவராது" என்றார் ஒருவர். டிரம்ஸ் வந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்ட ஆலயம் அது. சத்தம் அல்ல பிரச்சினை என்பது அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும். சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் அந்தக் கருவியைக் கட்டிவைத்த பழைய கணக்கு அது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று அறியப்பட்டவர், 2005இல் மறையும்வரை நாட்டுப்புற இசையிலேயே வழிபாடு அமைத்து, ஒடுக்கப்பட்டவர்களின் தாளத்துக்கு ஆராதனையில் இடம் கேட்டார். அதை நான் கமிட்டியில் சொன்னேன். மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். முடிவு: பவனி வெளி வாசல்வரை பறையோடு வரலாம், வாசலிலிருந்து பாமாலை.

நான் ஒத்துக்கொண்டேன். மற்ற மாற்றங்கள் கெட்டுவிடக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பண்டிகை நாளில் அந்த இளைஞர்கள் வாசற்படியில் பறையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. என் ஓராண்டு வேலையில் இது தோல்வி. சுருதி, தாளம், எதிரொலி எதுவும் இதற்குப் பொறுப்பல்ல.

மைக்கை விட்டு விலகுவது

நடத்துகிறவர் எப்போது பாடக்கூடாது என்பதைப் பழக்குவதுதான் ஒத்திகையில் கடினமாக இருந்தது. ஐந்து மைக்கை இரண்டாகக் குறைத்தோம். கடைசிச் சரணத்தில் நடத்துகிறவர் மைக்கிலிருந்து இரண்டு அடி பின்வாங்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாடினால் சபை எங்கே நிற்கிறது என்று தெரியாது. கண்ணைத் திறந்துவைக்கச் சொன்னேன். பல்லவிக்குத் திரும்புவதைக் கையால் காட்டச் சொன்னேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பிரசங்கம் வேண்டாம். வேதபாடத்தின் ஒரு வரி போதும்.

மாதம் ஒருமுறை கடைசிப் பெஞ்சில் கைபேசியை வைத்துப் பதிவுசெய்து, வெள்ளிக்கிழமை குழுவோடு கேட்டோம். முதல் பதிவில் இரண்டு மைக் குரல்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. ஏழாவது மாதப் பதிவில் பெரியம்மாவின் குரல் தனியாகக் கேட்கிறது. கொஞ்சம் சுருதி விலகியிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

கீபோர்டு தம்பி ஒன்பதாவது மாதம் வேறொரு சபைக்குப் போய்விட்டான். சுருதி இறக்கியதில் அவனுக்கு வாசிப்பு சலித்துப்போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். திறமையுள்ளவனுக்கு வேலை கொடுக்கும் ஓர் இடத்தை நான் திட்டத்தில் வைக்கவில்லை. திருவிருந்து நேரத்தில் தனி வாசிப்பு தந்திருக்கலாம். இரண்டாவது ஆராதனையில் சத்தம் இன்னமும் அதிகம்தான் என்று மூன்றாவது கடிதமும் வந்திருக்கிறது.

மே மாதம் ஐயாவுக்கு மாற்றல் வந்தது. புதிய ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, நோட்டைக் கிட்டார் வாசிக்கும் அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். கட்டைக் கட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சிவப்பு மையால் அடித்து, நான் டி என்று எழுதியதைச் சி என்றும் சில இடங்களில் பி என்றும் மாற்றியிருந்தாள்.

"ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் பாட்டிகளையும் பாடவைத்துப் பார்த்தேன், சார். இதெல்லாம் டெனர் பாடுகிறவர் தொண்டைக்கு எழுதியது."